லியோங் நின்ற இடம்

பரஞ்சோதி மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு கல் குவாரியில் முப்பது வருடம் வெடி வைத்தவர். வெடிக்குப் பயப்படாத மனுஷன், அறுபத்திரண்டாவது வயதில் ஒரு குவளைத் தண்ணீருக்குப் பயந்தார்.

கையைத் தலைக்கு மேலே தூக்கினால் மூச்சு அடைத்தது. நுரையீரல் கெட்டுவிட்டது, இனி அது பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒருநாள் குளியலறையில் குவளையோடு விழுந்தார். அன்றிலிருந்து எட்டு மாதமாக அவரை நாற்காலியில் உட்காரவைத்து மனைவி தனம்தான் குளிப்பாட்டினாள். அது அவருக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து நிற்பது அதைவிடப் பயமாக இருந்தது.

"பூங்காவுல தாய் சி-ன்னு ஒரு சீனப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறாங்க. எல்லாம் உங்க மாதிரி மூச்சுக் கோளாறு உள்ளவங்கதான். போய்ப் பாருங்க" என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

சொல்லிக் கொடுப்பவர் பெயர் ரேணுகா. பரஞ்சோதியின் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் எல்லாரும் மாஸ்டர் என்றார்கள், அவரும் அப்படியே கூப்பிட்டார்.

புல்தரையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மாஸ்டர் அவரைப் பத்தடி நடக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் முன்னால் காலியாக இருந்த இடத்தைக் காட்டினார்.

"அங்க நில்லுங்க, அங்கிள்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதே மாஸ்டர். நான் பின்னால நின்னுக்கிறேன்."

"இங்க யாருக்கு மூச்சு ரொம்பக் குறைச்சலோ அவங்கதான் முன்னால. பின்னால நான் நிப்பேன்."

"இதுக்கு முன்ன அங்க யாரு நின்னா?"

"லியோங்."

"அவரு எங்க?"

"போன மாசம் இறந்துட்டாரு."

முன்னால் நின்றவன் போய்விட்டான், அடுத்த ஆளைப் பிடித்து நிறுத்துகிறார்கள். பரஞ்சோதிக்கு அப்படித்தான் பட்டது. அப்படியே வீட்டுக்குத் திரும்பினார். நாலு விளக்குக் கம்பத்தைப் பிடித்து நின்றுதான் வீடு வந்து சேர முடிந்தது.

"சாகப் போறவனை நிக்க வைக்கிற இடம் அது. இனி நான் போகமாட்டேன்" என்றார்.

மறுநாள் தனம் அவருக்கு இடது கையால் தண்ணீர் ஊற்றினாள். அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"அது ரெண்டு மாசமா இருக்கு. குனிங்க, சோப்பு இன்னும் போகல."

அடுத்த நாள் காலையில் அவர் போய் லியோங் நின்ற இடத்தில் நின்றார். மூச்சுக்கு அடிக்கும் மருந்துப் பம்ப்பை வலது கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். மாஸ்டர் அதைப் பார்த்தார். கீழே வைக்கச் சொல்லவில்லை.

மாஸ்டர் ஒருமுறை செய்து காட்டினார். இரண்டு கைகளும் முன்னால் மெல்ல எழுந்து தோள் உயரத்துக்கு வந்தன, மெல்ல இறங்கின. அவ்வளவுதான். பிறகு கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

பரஞ்சோதி கைகளைத் தூக்கினார். வயிறு வரைக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. நெஞ்சுக்கு வந்ததும் குளியலறை ஞாபகம் வந்தது. மூச்சு தீர்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வேகமாகத் தூக்கினார். அடைத்துக்கொண்டது. இழுத்தார், உள்ளே போகவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். காது அடைத்தது, புல்தரை மங்கியது. கைகளைத் தூக்கவும் பயம், இறக்கவும் பயம். லியோங்குக்கு அடுத்து நான்தான் என்று நினைத்தார். தனம் இனி யாருக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்றும் நினைத்தார்.

அப்போது பின்னால் சத்தம் கேட்டது. சூடான கோப்பியை ஊதுவதுபோல எல்லாரும் உதட்டைக் குவித்து மூச்சை நீளமாக வெளியே விட்டார்கள். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுபடியும் ஊதினார்கள். அவருடைய உதடும் குவிந்தது. உள்ளே அடைந்து கிடந்த காற்று போனது, போய்க்கொண்டே இருந்தது. பிறகு அவர் இழுக்காமலே கொஞ்சம் உள்ளே வந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு பேரும் மாஸ்டரும் அவருடைய கைகள் நின்ற உயரத்திலேயே தங்கள் கைகளை நிறுத்தியிருந்தார்கள். அவர் இறக்கினார். அவர்களும் இறக்கினார்கள்.

எல்லாரும் கலைந்த பிறகு மாஸ்டரிடம் போனார்.

"மன்னிச்சிடுங்க மாஸ்டர். பாதியில நின்னுட்டேன்."

"அப்படியா? நாங்க முழுசாத்தானே செஞ்சோம்."

பரஞ்சோதி பெஞ்சில் உட்கார்ந்தார். கையிலிருந்த பம்ப் வியர்வையில் வழுக்கியது.

"லியோங் அங்க எத்தனை நாள் நின்னாரு?"

"ஏழு வருஷம்."

"எனக்கு நாளைக்கு இன்னும் கீழேயே அடைச்சுக்கிட்டா?"

மாஸ்டர் அவருக்கு எதிரில் வந்து நின்றார். இரண்டு கைகளையும் தொடையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கினார். உதட்டைக் குவித்து ஊதினார். கைகளை இறக்கினார்.

"கடைசியா வந்த அன்னைக்கு லியோங்கால இவ்வளவுதான் முடிஞ்சுது" என்றார். "நாங்க எல்லாரும் அன்னைக்கு இவ்வளவுதான் செஞ்சோம்."