முதல் ரவுண்டு

“இந்தத் துப்பாக்கியை என்னம்மா பண்ணி வச்சிருக்கே?”

கேட்டுக்கொண்டே சீடர் ஆர்மரிக்குள் வந்தார்.

குரு எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

அடிக்காமல் முடியாது. சீடர் தணிகாசலம் சப் இன்ஸ்பெக்டர், வயது ஐம்பத்து மூன்று. குரு ஜெபராணி அதே ஆயுதப்படை முகாமில் தலைமைக் காவலர், வயது முப்பத்திரண்டு. துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ஆர்மரர் வேலை அவருக்கு. குரு, சீடர் என்பதெல்லாம் நான் வைத்த பெயர். ஜெபராணியிடம் சொன்னால் சிரிப்பார். தணிகாசலத்திடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

தணிகாசலத்தின் வலது கையில் துப்பாக்கி இருந்தது. இடது கையில் கதவு இருந்தது.

அது ஸ்பிரிங் வைத்த இரும்புக் கதவு. விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும், முகாமே அதிரும்படி. எல்லோரும் விட்டுவிட்டுத்தான் போவார்கள். தணிகாசலம் மட்டும் அதைக் கூடவே பிடித்துக்கொண்டு வந்து நிலையில் மெதுவாக வைப்பார். ஒரு சத்தமும் வராது.

“என்னாச்சு ஐயா?”

“அஞ்சு ரவுண்டு சுட்டா நாலு ஒரே இடத்துல போவுது. ஒண்ணு நாலு விரல் மேல ஏறிடுது.”

“எந்த ஒண்ணு?”

“முதல் ஒண்ணு.”

“எப்பவுமா?”

“இந்தச் சனியன் கைக்கு வந்த ரெண்டு மாசமா.”

அதற்கு முன் இருபத்தேழு வருடம் அவர் பழைய துப்பாக்கியில் சுட்டவர். அதில் ஒவ்வொரு ரவுண்டையும் கையால்தான் ஏற்ற வேண்டும். ஏற்று, சுடு, மறுபடி ஏற்று. அந்தத் துப்பாக்கியில் ஐந்தும் ஒரே இடத்தில் போகும். சட்டைக் கையில் குத்தியிருந்த பேட்ஜ் அப்படி வந்ததுதான்.

இரண்டு மாதத்துக்கு முன் பழையவற்றை எல்லாம் வாங்கி வைத்துவிட்டுச் செமி ஆட்டோமேட்டிக் கொடுத்தார்கள். இதில் முதல் ரவுண்டை மட்டும் ஆள் ஏற்ற வேண்டும். இடது பக்கத்துக் கைப்பிடியைப் பின்னால் இழுத்து விட வேண்டும், அவ்வளவுதான். ஸ்பிரிங் அதை முன்னால் அடித்து ரவுண்டை உள்ளே பூட்டிவிடும். மீதி நான்கைத் துப்பாக்கி தானே ஏற்றிக்கொள்ளும்.

“சனிக்கிழமை காலையில கமாண்டன்ட் ஐயா முன்னால சுடணும்,” என்றார் தணிகாசலம். “டார்கெட்டுல உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டுவாரு. அஞ்சும் அதுக்குள்ள போகணும். ஒண்ணு வெளிய போனாலும் போட்டிக்குப் போற டீம்ல என் பேர் இல்ல.”

ஜெபராணி துப்பாக்கியை வாங்கிப் பிரித்தார். பேரலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். சைட்டை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. திரும்பவும் பூட்டினார்.

“நல்லாத்தான் இருக்கு ஐயா.”

“நல்லா இருந்தா ஏன் ஏறுது? எதும்மா ஒரு துப்பாக்கியைக் குறி தப்பாம சுட வைக்குது? பேரலா?”

“பேரல் வேணும்.”

“சைட்டா?”

“அதுவும் வேணும்.”

“ரவுண்டா?”

“மோசமான ரவுண்டுன்னா ஒண்ணும் பண்ண முடியாது ஐயா.”

“ஸ்பிரிங்கா? டிரிகரா?”

“எல்லாந்தான் வேணும். எல்லாம் இதுல இருக்கு.”

“அப்ப என்ன இல்ல?”

ஜெபராணி அவருக்குப் பின்னால் பார்த்தார்.

“கதவு சரியா சாத்தலை ஐயா.”

தணிகாசலம் திரும்பிப் போய்க் கதவை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தார், அதே மெதுவோடு. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார்.

“மெமோ டைப் பண்ணிட்டேன். ஆயுதத்தைச் சரியாப் பராமரிக்கலைன்னு. இன்னும் கையெழுத்து போடல. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் போட மாட்டேன்.”

அவர் போனதும் ஜெபராணி எழுந்து கதவைத் திறந்தார். விட்டார். டங்கென்று சாத்திக்கொண்டது. திரும்ப வந்து உட்கார்ந்தார். அந்தத் தாளில் கையெழுத்து விழுந்தால் ஆர்மரி போய்விடும், கேட்டில் காவல் நிற்க வேண்டும். துப்பாக்கிகளைத் தவிர வேறெதிலும் அவருக்கு மனம் ஓடாது. பயமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை தணிகாசலம் வேறொரு துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போனார். ஜெபராணி வழக்கம்போல் கருவிப் பெட்டியோடு பின்னால் நின்றார்.

முதல் ரவுண்டு நாலு விரல் மேலே. மற்ற நான்கும் ஒன்றாக.

“பார்த்தியா? இதையும் கெடுத்து வச்சிருக்கே.”

“அந்தத் துப்பாக்கியைக் கொஞ்சம் குடுங்க ஐயா.”

ஜெபராணி பெட்டியைக் கீழே வைத்தார், மண்ணில் குப்புறப் படுத்தார், சுட்டார். டார்கெட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஐந்து ஓட்டையையும் ஓர் உள்ளங்கையால் மூடலாம்.

தணிகாசலம் தன் உள்ளங்கையை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தார். கோபம் போய் வேறொன்று வந்திருந்தது.

“அப்ப எனக்குக் கண்ணு போயிடுச்சாம்மா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“கண்ணு போயிருந்தா அஞ்சும்ல போகணும் ஐயா. ஒண்ணு மட்டும் எப்படிப் போகும்?”

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் எல்லா எழுத்தையும் படிக்கச் சொல்லிவிட்டு, இந்த வயதில் இப்படி ஒரு பார்வையா என்று நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாராம். சாதாரண நாளாக இருந்தால் தணிகாசலம் அதை ஒரு வாரம் பேசியிருப்பார்.

வெள்ளிக்கிழமை ஆர்மரிக்கு வந்தார். கதவைச் சத்தமில்லாமல் வைத்தார்.

“நான் வெளிய போனா நீ எந்திரிச்சு வந்து கதவைத் திறந்து டமார்னு அடிக்கறியாமே. பாராவுல நிக்கறவன் சொன்னான். என் மேல இருக்கற கோவத்தைக் கதவுல காட்டறியா?”

“இல்ல ஐயா. நீங்க சாத்தினா தாழ் விழறதில்ல.”

“விழுதே.”

“ஒரு அஞ்சு தடவை சாத்திக் காட்டுங்க ஐயா.”

“உத்தரவா?”

“கேட்டுக்கிடுதேன் ஐயா.”

ஜெபராணி டார்கெட்டில் குறி போடும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தார். தணிகாசலம் கதவைத் திறந்து, பிடித்துக்கொண்டே வந்து வைத்தார். கதவின் விளிம்பு எங்கே நின்றதோ அங்கே தரையில் ஜெபராணி ஒரு கோடு போட்டார். இரண்டாம் தடவை. இன்னொரு கோடு. இப்படி ஐந்து. ஐந்து கோடும் ஐந்து இடத்தில் இருந்தன. தாழ் ஒரு தடவைகூட முழுதாக விழவில்லை.

பிறகு அவரே எழுந்து கதவைத் திறந்து விட்டார். டங். கோடு போட்டார். மறுபடி டங். ஐந்து தடவை விட்டார். சாக்பீஸ் ஒரே கோட்டின் மேல்தான் போய்க்கொண்டிருந்தது. தாழ் ஐந்து தடவையும் விழுந்தது.

தணிகாசலம் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“போதும்மா! பக்கத்து ரூம்ல நைட் டியூட்டி முடிச்சவன் எவனாவது தூங்குவான்.”

“இன்னைக்கு யாரும் இல்ல ஐயா.”

“இருக்கானோ இல்லையோ. நான் போலீஸ் லைன்ல பொறந்தவன். பத்து வீடு, ஒரே சுவரு. பகல்ல எந்த வீட்டுலயாவது ஒருத்தர் நைட் டியூட்டி முடிச்சுத் தூங்கிட்டு இருப்பாரு. எங்கப்பாவும் அப்படித்தான் தூங்குவாரு. கதவு சத்தம் கேட்டா எந்திரிச்சு வந்து முதுகுத் தோலை உரிச்சுடுவாரு. அதுலேருந்து நான் ஒரு கதவையும் விட்டதில்ல.”

ஜெபராணிக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த நிமிடத்தில் போய்விட்டது. இவ்வளவு நல்ல பழக்கத்தை ஒருவரிடம் எப்படிக் குறை சொல்வது என்று யோசித்தார்.

“ஐயா.”

“என்ன?”

“துப்பாக்கிக்குள்ள யாரும் தூங்கலை.”

தணிகாசலம் அவரையே பார்த்தார்.

“கிண்டலா?”

“இல்ல ஐயா.”

“துப்பாக்கியைப் பத்திக் கேட்டா கதவைச் சொல்ற. கதவைப் பத்திக் கேட்டா துப்பாக்கியைச் சொல்ற. நாளைக்கு எனக்கு மானம் போகப் போவுது, உனக்கு விளையாட்டா இருக்கு.”

சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். மெமோ உள்ளே இருந்தது. வெளியே போனார். அவ்வளவு கோபத்திலும் கதவைப் பிடித்துக்கொண்டே போய் மெதுவாகத்தான் வைத்தார்.

ஜெபராணி எழுந்து போய் அதைச் சரியாகச் சாத்திவிட்டு வந்தார்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. நூறு மீட்டர் தள்ளி மண்மேட்டில் டார்கெட் நின்றது. நடுவில் வெள்ளைக் காகிதம். கமாண்டன்ட் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டீமுக்குக் காத்திருந்த நான்கு பேர் ஓரமாக நின்றார்கள். அவர்களில் ஒருவருக்காவது தணிகாசலம் தோற்க வேண்டும் என்று ஆசை இருந்திருக்கும். மனிதர்கள்தானே.

ஜெபராணி கருவிப் பெட்டியோடு பின்னால் நின்றார்.

“ஃபைவ் ரவுண்ட்ஸ். லோட்!”

தணிகாசலம் படுத்தார். மேகசினை மாட்டினார். இடது கையால் கைப்பிடியைப் பின்னால் இழுத்தார். ஸ்பிரிங் இறுகியது. கைப்பிடி முன்னால் போகத் தொடங்கியது.

கையும் கூடவே போனது.

பாதி வழியில் அவர் அதைப் பார்த்துவிட்டார்.

சொந்தக் கைதான். நான்கு விரலும் கைப்பிடியைச் சுற்றியிருந்தன. அதைப் பத்திரமாக, சத்தமில்லாமல், நிலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. இழுத்து விடுவதாகத்தான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். யார் கேட்டிருந்தாலும் பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்திருப்பார்.

கை அப்படியே நின்றது.

“என்ன தணிகாசலம்?” என்றார் கமாண்டன்ட்.

“ஒண்ணுமில்லைங்க ஐயா.”

கைப்பிடியை மறுபடியும் கடைசி வரை பின்னால் இழுத்தார். விரல்களைப் பார்த்தார். திறந்தார்.

டங்.

சத்தம் கேட்டு அவருக்கே உடம்பு ஒருமுறை குலுங்கியது. யாரும் எழுந்து வரவில்லை. மூச்சு அடங்கும்வரை காத்திருந்தார்.

ஐந்து ரவுண்டு சுட்டார்.

டார்கெட்டைக் கொண்டுவந்தார்கள். கமாண்டன்ட் வெள்ளைக் காகிதத்தைப் பிய்த்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினார். ஐந்துக்குமேல் எண்ண ஒன்றும் இல்லை, ஐந்துக்குக் குறைவாகவும் இல்லை. ஓரமாக நின்றவர்களில் ஒருவர் முதலில் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

தணிகாசலம் திரும்பிப் பின்னால் பார்த்தார். ஜெபராணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற்கெனவே நடந்துவிட்டிருந்தார்.

சாயங்காலம் துப்பாக்கியை ஒப்படைக்க வந்தார். குரு எழுந்து சல்யூட் அடித்தார். சீடர் இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம் நின்று அதை வாங்கிக்கொண்டார்.

“ரேஞ்சுல எத்தனை நாளா பின்னால நின்னு பார்த்தே?”

“ரெண்டு மாசமா ஐயா.”

“அன்னைக்கே சொல்லித் தொலைக்கறதுதானே? ‘கையை விடுங்க ஐயா’ன்னு ஒரு வார்த்தை.”

“சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க ஐயா?”

தணிகாசலம் யோசித்தார். நேர்மையான மனிதர்தான்.

“நான் விட்டுத்தான் சுடறேன்னு சொல்லியிருப்பேன்.”

“ஆமா ஐயா.”

“மெமோவுல இன்னொரு வரியும் சேர்த்திருப்பேன். அதிகாரிக்குப் புத்தி சொன்னதுக்கு.”

ஜெபராணி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்து மெமோவை எடுத்தார். நான்காகக் கிழித்தார். மேஜை மேல் துப்பாக்கி துடைக்கும் பழந்துணிகள் கிடந்தன. கிழித்ததை அவற்றோடு போட்டார்.

“எண்ணெய் துடைக்க ஆகும்.”

“ஆகும் ஐயா.”

அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். ஜெபராணி வழக்கம்போல் எழுந்திருக்க நாற்காலியின் கையைப் பிடித்தார்.

டங்.

பக்கத்து அறையில் நைட் டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த யாரோ ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார்.

ஜெபராணி எழுந்திருக்கவில்லை.