டப்பா இல்லாத பன்னெண்டு மூடி

ஒரு ஊர்ல மாசாணம்னு ஒருத்தர் இருந்தாரு. ஒத்தை அறை வீடு. அவரும் பொண்டாட்டி பூரணமும்தான். ஆனா உள்ள கால் வைக்க இடமில்ல. ஏன்னு கேளு... "ம்" கொட்டினாத்தான் சொல்லுவேன்.

ம்... அவருக்குக் கோவம் வந்தா போகாது. யாராவது சாமானை இரவல் வாங்கி உடைச்சுக் குடுத்தா, அதைத் தூரப் போடாம சாக்குல போட்டு வச்சுக்குவாரு. விரிசல் விட்ட டம்ளர், வாரறுந்த செருப்பு, பல்லு போன சீப்பு எல்லாம் கிடக்கும். பூரணம் "குப்பை"ன்னா, "குப்பையாடி? சாட்சி!"ம்பாரு. அப்படி ஆறு சாக்கு.

அப்போ மக கோமு கட்டிக்குடுத்த ஊர்ல ஏழு மாசக் கர்ப்பமா இருந்தா. வளைகாப்பு முடிஞ்சதும் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரணும்ல? இடம் பார்க்கச் சம்பந்தியம்மா வந்தாங்க. சாக்குல இடிச்சு, கடகடகடன்னு ஒரு சட்டி உருண்டுச்சு.

"இதுக்குள்ள என் மருமக எங்க படுப்பா? எங்க வீட்டுலயே பெத்துக்கட்டும்"னு போயிட்டாங்க.

பூரணம் அன்னைக்கு அடுப்பே பத்த வைக்கல. "புதன்கிழமை வளைகாப்பு. அதுக்குள்ள வீடு காலியாகணும்."

"குப்பை வண்டில போட்டா உடைச்சவங்க பண்ணதெல்லாம் மறந்துருமே!"

"அப்போ பண்ணவங்க கையிலயே குடுத்துட்டு வாங்க."

அது அவருக்கு நல்ல யோசனையாப் பட்டுச்சு.

முதல்ல தம்பி சுடலை வீடு. விறுவிறுன்னு போயி, எரியாத டார்ச்சை டொக்குன்னு வச்சாரு. "பதினோரு வருஷத்துக்கு முந்தி நீ கீழ போட்டது."

"நானாண்ணே? எப்போ?"ன்னு சுடலை சிரிச்சான். "சரி, உக்காரு, காப்பி குடி."

அப்புறம் பக்கத்துத் தெரு தங்கையா. கம்பி ஒடிஞ்ச குடையை நீட்டினாரு.

"குடை இருக்கட்டும். தீவாளிக்கு வாங்கிட்டுப் போன என் சைக்கிள் பம்பு எங்கய்யா?"

"எந்தப் பம்பு?"

வீட்டுக்கு வந்து சாக்கைக் கொட்டினாரு. தடதட, சலசல, டங்! நாலாவது சாக்குக்கு அடியில பம்பு. பூரணம் அதை எடுத்து அவரு கையில குடுத்தா. அவரு சத்தமில்லாம கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தாரு.

முழிச்சிருக்கியா? ம்.

மூணாவது, அக்கா ஆவுடை. ஒம்பது வருஷமா பேச்சு வார்த்தை இல்ல. தன் மக கல்யாணத்துக்கு இவருகிட்ட பன்னெண்டு எவர்சில்வர் டப்பா இரவல் வாங்கினவ, அவசரத்துல மூடியை விட்டுட்டுப் போயிட்டா. டப்பா திரும்பி வரல. மூடி மட்டும் இங்க. அதையெல்லாம் கலகலன்னு அக்கா வாசல்ல கொட்டினாரு.

"இந்தா, இதையும் நீயே வச்சுக்க!"

ஆவுடை இடுப்புல கை வச்சா. "ஏண்டா, வெறும் டப்பாவை எப்படித் திருப்பிக் குடுக்கிறது? மறுவாரமே முறுக்கு போட்டுக் கொண்டாந்தேன். லேட்டுன்னு நீதான் மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்தின. அன்னையிலேருந்து என் வீட்டுல இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. தூக்கிட்டுப் போ!"

மாசாணம் கொட்டின மூடியைப் பொறுக்கிக்கிட்டே, "வெறும் டப்பாவாவா?"ன்னாரு.

ஆவுடைக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. "கோமு வளைகாப்புக்குக் கட்டுச்சோறு யாருடா செய்யிறா?"

"இன்னும் சொல்லல..."

"அத்தைக்காரி நான் இருக்கேன்ல? புதன்கிழமை காலையில வா."

அப்புறம் மாசாணம் நேரா வீட்டுக்கு வந்து, ஆறு சாக்கையும் தரதரன்னு இழுத்து வெளிய போட்டாரு. டிங் டிங், குப்பை வண்டி வந்துச்சு. கடைசிச் சாக்குக்குள்ள கையை விட்டு எதையோ தேடினாரு. பூரணம் "க்கும்"னா. கையை எடுத்துட்டாரு.

புதன்கிழமை புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காச்சோறு, தயிர்ச்சோறுன்னு பன்னெண்டு டப்பாவும் நிறைஞ்சுது. டப் டப்னு மூடி, ஆவுடையும் மாசாணமும் ஆளுக்கு ஒரு பையாச் சம்பந்தி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. கோமு கை நிறைய வளையல், கலகல கலகல. வளைகாப்பு முடிஞ்சு கோமுவைக் கூட்டிட்டு வந்தப்போ, சம்பந்தியம்மாவும் கூட வந்து வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்தாங்க. வீட்டுல ஒரே ஒரு பாய்தான் விரிச்சிருந்துச்சு. கோமு பெட்டியை உள்ள வச்சுட்டு, "பத்திரமாப் பார்த்துக்கோங்க"ன்னாங்க.

மத்தியானம் கோமு ஒருக்களிச்சுப் படுத்தா. நல்லாக் காலை நீட்டினா. எதுலயும் இடிக்கல. மாசாணம் வாசப்படியில உக்காந்தாரு. தெருவுல "உப்போய்..."னு உப்பு விக்கிறவன் ஒருத்தன் வந்தான்.

"மெதுவாய்யா, எம்புள்ள தூங்குறா."

அவனும் மெதுவா, "உப்பு... உப்பு..."ன்னுக்கிட்டே போயிட்டான்.

அவ்வளவுதான் கதை. வாசல்ல ஆளிருக்கு, நீயும் காலை நீட்டித் தூங்கு.