மூன்று முறை அணைத்த விளக்கு

மேட்டுப்பாளையத்தில் கியர்பாக்ஸ் வேலை என்றால் வசந்தாமணி பட்டறைதான். அவளிடம் சீடராக இருந்த நாச்சிமுத்து அவளைவிட இருபது வயது மூத்தவர். பஸ் டெப்போவில் ஆயுசு முழுக்கக் கிளட்ச் மாட்டிய மனிதர், ஓய்வு பெற்றபின் ஆட்டோமேட்டிக் வண்டி வேலையைக் கற்க வந்திருந்தார். வேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம். கேட்காமலே யோசனை சொல்வார்.

அன்று கோத்தகிரி போஜனின் டாக்சி நான்காவது முறையாக வந்து நின்றது. போஜனுக்கு இடது முழங்கால் மடங்காது. கிளட்ச் மிதிக்க முடியாதவருக்கு அந்த ஆட்டோமேட்டிக் கார் ஒன்றுதான் பிழைப்பு.

"மலையேறும்போது அதே விளக்குதானுங்க. கியர்பாக்ஸ் சூடுன்னு காட்டுது. இப்ப வண்டி சரியா இழுக்கவும் மாட்டேங்குது" என்றார்.

முதல் மூன்று முறையும் பார்த்தது நாச்சிமுத்துதான். மலையிறங்கி வருவதற்குள் வண்டி ஆறிப்போயிருக்கும். கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டுவார், தொட்டுப் பார்ப்பார், சூடே இருக்காது. விளக்கு பொய் சொல்கிறது என்று முடிவுகட்டி, ஸ்கேனரில் கோளாறுப் பதிவை அழிக்கும் பொத்தானை அமுக்கி, விளக்கை அணைத்து அனுப்பிவிடுவார்.

வசந்தாமணி கியர் ஆயிலில் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் துணியில் விட்டாள். சிவப்பாக இருக்கவேண்டியது கறுப்பாகப் படர்ந்தது. தீய்ந்த வாடை அடித்தது.

நாச்சிமுத்துவின் முகம் சுண்டிப்போனது. "மூணு தடவை பார்த்தேனுங்க அம்மணி. எங்க கோட்டை விட்டேன்?"

"வண்டியில ஏறுங்கண்ணா" என்றாள்.

போஜன் ஓட்ட, இருவரும் பின்னால் உட்கார்ந்தார்கள். வண்டி கோத்தகிரி மலைப்பாதையில் முக்கி முக்கி ஏறியது.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. இவர்கள் வண்டியும் ஏற்றத்தில் நின்றது. போஜனின் கால் பிரேக்குக்குப் போகவில்லை. ஆக்சிலேட்டரை லேசாக அமுக்கியபடியே வண்டி பின்னால் உருளாமல் பிடித்து வைத்திருந்தார். என்ஜின் முனகிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடத்தில் விளக்கு எரிந்தது.

"பிரேக் பிடிக்க மாட்டீங்களா?" என்று வசந்தாமணி கேட்டாள்.

"எதுக்குங்க? வண்டி எடுத்த அன்னைக்கே நம்ம நாச்சிமுத்து அண்ணன் சொல்லிக் குடுத்துட்டாருங்களே. ஆட்டோமேட்டிக்ல கிளட்ச் தேயற பயமில்ல, மேட்டுல ஆக்சிலேட்டரிலயே நிறுத்திக்கலாம்னாரு. மூணு வருசமா அப்படித்தானுங்க."

போஜன் கண்ணாடி வழியாக நாச்சிமுத்துவைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்தச் சிரிப்பை நாச்சிமுத்துவால் பார்க்க முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது அவருக்கு. பிரேக் இல்லாமல் அப்படி நிறுத்தும்போதெல்லாம் கியர்பாக்ஸுக்குள் ஆயில்தான் கொதிக்கும். மூன்று வருடமாக அந்த ஆயிலை வேகவைத்தது தன் வாய் அல்லவா?  

பட்டறைக்குத் திரும்பி கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினார்கள். உள்ளே தேய்ந்த தூள் கரியாகப் படிந்து கிடந்தது. அந்தக் கியர்பாக்ஸ் முடிந்துவிட்டது என்பது இருவருக்கும் தெரிந்தது.

வெளியே பெஞ்சில் போஜன் இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "என்னங்கண்ணா, தேறிருமா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

நாச்சிமுத்து குரலைத் தாழ்த்தினார். "எதனாலன்னு அவருக்குத் தெரியாதுங்க அம்மணி. ஆயில் கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லிரட்டுங்களா? அதும் நெசந்தானுங்களே."

வசந்தாமணி கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்கேனரை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"சொல்லிக்குங்கண்ணா. நாலாவது தடவையா இதையும் அழிச்சிருங்க. அழிக்கிற பொத்தான் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாததா?"