தொய்ந்த கயிறு

“நான் ஒருசந்தி இருந்த வெள்ளிக்கிழமையிலதானே கடவுள் எம் புருசனை எடுத்தாரு. இது என்ன நியாயம்?” என்று கேட்டாள் கித்தேரி.

சலேத் திரும்பிப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அவள் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அது மணலில் இறங்கி, ஈரத்தைத் தாண்டி, தண்ணீருக்குள் போய் மறைந்தது. அந்தப் பக்கம் வள்ளம் இல்லை. மிதப்புக்கட்டை இல்லை. ஆள் இல்லை.

உச்சி வெயில். அலை செத்துக் கிடந்தது. ஒரு கடற்காக்கை கூட இல்லை.

“ஏட்டி, காது கேக்குதா? உன்னைத்தான்.”

“கேக்குதும்மா. நீங்க என்கிட்டயா கேட்டீங்க? அவர்கிட்ட கேட்டீங்க. நடுவுல நான் எதுக்குப் பேசணும்னு சும்மா இருந்தேன்.”

கித்தேரி கூடையை இறக்கி வைத்தாள்.

அந்த மணல்திட்டுக்கு யாரும் வருவதில்லை. ஒரு காலத்தில் அங்கே ஊர் இருந்தது. ஊர் நடுவே சிலுவை வைத்த கோயில் இருந்தது. ஒரு புயலில் கடல் ஏறி வந்தது, திரும்பிப் போகும்போது ஊரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கோயில் சுவர்கள் மட்டும் கூரையில்லாமல் தண்ணீருக்குள் நின்றன. உச்சிநேரத்தில் அங்கே பூசைமணி கேட்கும் என்பார்கள். சொன்னவர்கள் யாரும் உச்சிநேரத்தில் போய்க் கேட்டதில்லை.

சலேத் எந்த ஊர்க்காரி, என்று வந்தாள், யாருக்கும் தெரியாது. கித்தேரியின் மகள் வயதுதான் இருக்கும். ஆறாத துக்கம் உள்ள பெண்கள் அவளைத் தேடிப் போவார்கள். திரும்பி வந்ததும், “கயித்துச் சலேத் என்ன சொன்னா?” என்று கேட்டால், “ஒண்ணும் சொல்லல” என்பார்கள். ஆனால் போன முகம் வேறாக இருக்கும், வந்த முகம் வேறாக இருக்கும்.

கித்தேரி குனிந்து பார்த்தாள்.

சலேத்தைச் சுற்றி மணலில் காலடிகள் இருந்தன. எல்லாம் கடலிலிருந்து ஏறி வந்தவை. கடலுக்கு இறங்கிப் போனது ஒன்றுகூட இல்லை.

கித்தேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“சரி, என்கிட்டயே சொல்லுங்க. என்ன நடந்துச்சு?” என்றாள் சலேத்.

“எங்க வீட்டுக்காரரு செபஸ்தி. சங்கு குளிக்கிறவரு. ஒரு பொய் சொன்ன ஆளில்ல. குடிச்ச ஆளில்ல. முதச் சங்கை மாதா கோயிலுக்குக் குடுக்காம வீட்டுக்குக் கொண்டு வர மாட்டாரு. நானும் வெள்ளிக்கு வெள்ளி ஒருசந்தி. பச்சத் தண்ணி, பொழுது சாஞ்சு ஒருவாய்க் கஞ்சி. அவருக்காகத்தான் இருந்தேன். அந்த வெள்ளியும் இருந்தேன்.”

“வெள்ளிக்கிழமையா?”

“ஆமா.”

“அந்தக் கிழமையில கடவுள் பெத்த மகனுக்கே நல்லது நடக்கலையேம்மா.”

கித்தேரிக்குக் கோபம் வந்தது.

“நல்லா இருக்கேடி உன் பேச்சு! அவரு மகன் உசுரோட எந்திரிச்சு வந்தாரு. எம் புருசன் வந்தாரா? கயிறு மட்டும்தானே வந்துச்சு!”

அந்தக் கரையில் சங்கு குளிக்க இறங்குகிறவன் இடுப்புக் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். அண்ணன் தம்பி பிடித்தால் பங்காளிப் புத்தி வந்துவிடலாம். மச்சான் விட மாட்டான். அவன் கை நழுவினால் தாலி அறுவது அவன் அக்காளுக்கு அல்லவா? மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும் என்பது ஊர்ச் சொல். கடலிறங்கப் போனாலும் அதுதான் வழக்கம்.

செபஸ்தியின் கயிறு கித்தேரியின் தம்பி லெயோன் கையில் இருந்தது.

“எந் தம்பிதான் பிடிச்சிருந்தான். தொய்ஞ்சு கெடந்துச்சாம். அவன் வாயாலயே சொன்னான். ‘அத்தான் கீழ இருக்கையில கயிறு தொய்ஞ்சு கெடந்துச்சுக்கா’ன்னான். அதுக்கு மேல ஒரு வார்த்த நான் கேக்கல. தாப்பாளப் போட்டுட்டேன். ஞாயித்துக்கு ஞாயிறு பூச முடிஞ்சு வாசல்ல வந்து நிக்கிறான். இன்னைக்கும் நிப்பான். நிக்கட்டும்.”

“கயிறு அறுந்துச்சா?”

“இல்ல.”

“முடிச்சு அவுந்துச்சா?”

“இல்ல. இடுப்புல கட்டின வளையம் அப்படியே இருந்துச்சு. ஆள்தான் இல்ல. மூணு வள்ளம் போட்டுத் தேடினாங்க.”

சலேத் தன் இடுப்புக் கயிற்றைத் தடவிக்கொண்டாள்.

“உயிர்ப்பு ஞாயிறு அன்னைக்கு அந்த மகனோட கல்லறைக்குள்ள என்ன கெடந்துச்சும்மா?”

“துணி.”

“கிழிஞ்சு கெடந்துச்சா?”

“இல்ல. தலைத்துணி தனியா சுருட்டி வச்சிருந்துச்சு.”

“ம்.”

அவ்வளவுதான். சலேத் மறுபடி கடலைப் பார்த்தாள்.

“கூடையில என்ன?”

“புதுக் கயிறு. நாளைக்கு எம் மருமகன் கஸ்பார் முதத் தடவையா இறங்குறான். எம் மகன் தொபியாஸ் பிடிக்கிறான். பொண்ணு குடுத்த வீட்டு ஆத்தாதான் மொத முடிச்சுப் போட்டுக் குடுக்கணும். முடிச்சு விழாத கயித்தோட எந்த வள்ளத்துலயும் ஏத்த மாட்டாக. எம் மகளுக்கு இது நெற மாசம். பொழப்புக்கு வேற வழி இல்ல.”

“போட வேண்டியதுதானே.”

“கை வரமாட்டேங்குது. முடிச்ச எடுத்தாலே வெரல் வெறச்சுப் போகுது. கயிறு பிடிக்கிற கைய நம்பித்தானே முடிச்சுப் போடணும்? மேல இருக்கிறவர் கையவும் பாத்துட்டேன். வள்ளத்துல இருக்கிறவன் கையவும் பாத்துட்டேன்.”

சலேத் எழுந்தாள். அவள் இடுப்புக் கயிறு தண்ணீரில் மெல்ல அசைந்தது. காற்று இல்லை.

“அந்தக் கோயிலுக்குள்ள போங்க. பீடத்துப் படி தண்ணிக்கடியில இருக்கு. அங்க இருந்து ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வாங்க.”

“எதுக்கு?”

“எடுத்துட்டு வாங்களேன்.”

“எனக்கு நீச்சல் தெரியாதுட்டி.”

“இடுப்பளவுதான். பள்ளம் இருக்கும். அந்தப் புதுக் கயித்தக் கட்டிக்குங்க. ஒரு முனையை என்கிட்ட குடுங்க.”

“ஊர்ல கேள்விப்பட்டா சிரிப்பாக. அம்பது வயசுல கித்தேரி சங்கு குளிக்கப் போயிட்டான்னு.”

“போனா என்ன, ஒரு சங்கு எனக்கும் கொண்டாங்க.”

பேச்சுவாக்கில் கித்தேரி கயிற்றை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டாள். முந்தானையைச் செருகினாள். கடலில் இறங்கினாள்.

மேல் தண்ணீர் வெந்நீராக இருந்தது. கால் இருந்த இடம் பனிக்கட்டியாக இருந்தது.

கோயில் வாசலுக்குக் கதவு இல்லை. சுவரெல்லாம் சிப்பி அப்பியிருந்தது. சுரூபம் இருந்த மாடத்தில் சிலை இல்லை. அதன் பாதங்கள் மட்டும் இருந்தன. அவள் நடக்க நடக்க, பின்னால் யாரோ பூசைக்கு வருவதுபோல் தண்ணீர் சலசலத்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

பீடத்துப் படி காலில் தட்டியது. குனிந்தாள்.

குனிய முடியவில்லை. கயிறு இடுப்பை வெடுக்கென்று பின்னால் இழுத்தது.

மறுபடி குனிந்தாள். மறுபடி இழுத்தது. தடுமாறிச் சுவரைப் பிடித்தாள். சிப்பி கையைக் கீறியது. ஒரு விரல்கடை கீழே போக முடியவில்லை. மூச்சு முட்டியது.

“இழுக்காதட்டி!” என்று கத்தினாள். “பிடிச்சது போதும்! கொஞ்சம் விடு!”

கூரையில்லாத சுவர்கள் அதைத் திருப்பிச் சொல்லின.

விடு.

கயிறு தொய்ந்தது. அவளைச் சுற்றித் தண்ணீரில் வளைந்து வளைந்து மிதந்தது.

கித்தேரி கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். தலை முங்கியது. கை படியைத் தொட்டது, மண்ணைத் தொட்டது. அந்த நேரம் தண்ணீருக்கடியில், மிகப் பக்கத்தில், பூசையில் நற்கருணை தூக்கும்போது அடிக்கிற சின்ன மணி கேட்டது.

எழுந்தாள். முகத்தில் தண்ணீர் வழிந்தது. கைப்பிடிக்குள் மண் இருந்தது.



தான் ‘விடு’ என்று கத்தியது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“எடுத்தாச்சா?” என்று குரல் கேட்டது.

சலேத் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், இடுப்பளவு தண்ணீரில். இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினாள். கையில் ஒன்றும் இல்லை.

“கயிறு?”

“நான் குடுத்துட்டேன்.”

“எப்போ?”

“நீங்க இறங்கினதுமே.”

கித்தேரி தன் இடுப்பிலிருந்து கயிற்றைக் கண்ணால் தொடர்ந்தாள். அது கரைப்பக்கம் போகவில்லை. பீடத்தைத் தாண்டி, இடிந்த சுவரின் ஓட்டை வழியாக வெளியேறி, ஆழக்கடலைப் பார்த்துப் போனது. அந்தப் பக்கம் வள்ளம் இல்லை. ஆள் இல்லை. வெயில் மட்டும் தண்ணீரில் வெள்ளையாகக் கிடந்தது.

“அப்போ... இழுத்தது யாரு?”

“விட்டது யாருன்னுதானே நீங்க கேட்டுட்டு வந்தீங்க.”

கித்தேரி இடிந்த சுவரின் ஓட்டையையே பார்த்தாள்.

“சுண்டிப் பாருங்கம்மா. ஒரு சுண்டு சுண்டினா மேல தூக்குன்னு அர்த்தம். அந்தப் பக்கம் ஆள் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுரும்.”

கித்தேரி கயிற்றை இரண்டு விரலால் எடுத்தாள்.

அவள் உடம்பு முழுவதும் அந்த விரல்களுக்கு வந்துவிட்டது. ஒரு சுண்டு போதும். செபஸ்தி போனதிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த ஒரே கேள்விக்குப் பதில் தெரிந்துவிடும். கைப்பிடியிலிருந்து மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தது.

வெகுநேரம் நின்றாள்.

“வேண்டாம்,” என்றாள்.

“பயமா?”

“இல்ல.”

“பின்ன?”

கித்தேரி விரல்களைத் திறந்தாள். கயிறு நழுவித் தண்ணீரில் விழுந்து, தொய்ந்தபடி கிடந்தது.

அவள் கரையேறியபோது சலேத் அதே இடத்தில், கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சேலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

கித்தேரி ஒன்றும் கேட்கவில்லை. கூடைக்குள் பார்த்தாள். கடலுக்குள் போன கயிற்றின் மறுமுனை அதில் இருந்தது. சுருட்டி வைத்திருந்தது. காய்ந்திருந்தது.

இடுப்பில் கிடந்த வளையத்தைத் தளர்த்திக் கால்வழியாகக் கழற்றினாள். முடிச்சு அவிழவில்லை. அதைக் கையில் வைத்துப் பார்த்தாள். நல்ல முடிச்சு. அந்தப் புதுக் கயிற்றின் முதல் முடிச்சு, அவள் போட்டதுதான்.

“வரேன், சலேத்.”

“போய்ட்டு வாங்கம்மா. சங்கு கொண்டாரலையே.”

“நாளைக்கு எம் மருமகன் கொண்டாருவான்.”

ஊருக்கு வந்து சேர்ந்தபோது, வீட்டு வாசலில் வெயிலில் லெயோன் நின்றுகொண்டிருந்தான். அக்காள் தூரத்தில் வருவதைப் பார்த்ததும், வழக்கம்போல் ஓரமாக ஒதுங்கினான்.

கித்தேரி அவனுக்கு முன்னால் போய் நின்றாள்.

“கயிறு தொய்ஞ்சா கெடந்துச்சு, லெயோன்?”

அவன் தலை குனிந்தது. பொய் சொல்ல அவனுக்கு இன்னும் வரவில்லை.

“ஆமாக்கா.”

“ஏன்?”

இத்தனை நாளில் அவள் அதைக் கேட்டதே இல்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“இழுத்துப் பிடிச்சா அத்தானுக்குப் பிடிக்காதுக்கா. குனிய முடியலைன்னு ஏசுவாரு. ‘தொய்வு விடுல மச்சான்’னுட்டுத்தான் எப்பவும் இறங்குவாரு. அன்னைக்கும் அதச் சொல்லிட்டுத்தான்...”



கித்தேரியின் சேலையிலிருந்து தண்ணீர் வாசற்படியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சாத்தியிருந்த கதவைத் தள்ளி அகலத் திறந்தாள். கூடையிலிருந்து கயிற்றை எடுத்து, முடிச்சு இருந்த முனையை மேலாக வைத்து, அவன் இரண்டு கையிலும் கொடுத்தாள்.

“உள்ள வா. தொபியாஸ் இருக்கான்,” என்றாள். “அவனுக்குத் தொய்வு விடச் சொல்லிக் குடு.”