விறகு வாங்காத நாள்

“லேசா இருக்கவளுக்கு எப்படிக்கா எலும்பு கீறும்?”

கேட்டவ பிலோமி. காலுல மாவுக்கட்டு. கீழ விழல, யாரும் இடிக்கல, சும்மா ஓடும்போதே ரெண்டாந்தடவையா கீறிருச்சு. இன்னொரு தடவை கீறுனா மைதானத்தை மறந்துரச் சொல்லிட்டாரு டாக்டரு.

அவளுக்கு ஓட்டம் சொல்லிக் குடுக்கது சந்தனமாரி அக்கா.

பசியில பிலோமிக்குத் தலை சுத்துச்சு. எடையைக் குறைச்சா வேகமா ஓடலாம்னு தேங்காச் சட்னியைக் கண்டா போலீஸைக் கண்ட மாதிரி ஒதுங்கினவ. கஞ்சி ஒரு கரண்டி விழுந்ததும் கிண்ணத்தைக் கையால மூடிருவா. மொதல்ல வேகமும் கூடத்தான் செஞ்சுது.

“மாசாமாசம் வருதாட்டி?”ன்னு கேட்டா அக்கா.

“பொங்கலோட நின்னுட்டு. தொல்லை விட்டுச்சு. அது வேற, இது வேறக்கா.”

அக்கா அவளை மைதானத்துக்குப் பின்னால சமையக் கொட்டாய்க்குக் கூட்டிட்டுப் போயி முக்காலியில உக்கார வச்சா. ஒரு அடுப்புல கஞ்சி. இன்னொண்ணுல விருந்தாளி யாராவது வந்தா குடுக்கக் காப்பி. விறகு ரெண்டே குச்சி.

இவ்வளவுதானான்னு கேட்டா பிலோமி.

அக்கா தலையைச் சாய்ச்சு, பிலோமி குரல்லயே இழுத்தா. “அடுப்பு லேசா இருந்தாத்தானக்கா சீக்கிரம் கொதிக்கும்?”

சிரிக்கதா அழுவதான்னு பிலோமிக்குத் தெரியல.

கஞ்சி பாதி வேகையில தீ அமர்ந்துச்சு. அக்கா காப்பி அடுப்புக் குச்சியை உருவி கஞ்சிக்கு வச்சா. காப்பிச்சட்டி அடங்கிப்போச்சு.

“காப்பி?”

“தொல்லை விட்டுச்சு.”

மறுபடியும் தீ அமர்ந்துச்சு. அக்கா சுத்துமுத்தும் பாத்தா. பிலோமிகிட்ட வந்தா.

“கொஞ்சம் எந்திரிட்டி.”

எந்திரிச்சா, ஒத்தைக் காலுல.

அக்கா முக்காலியைக் கவுத்து ஒரு காலைத் திருகி எடுத்தா. அடுப்புல சொருகினா. தீ குபுகுபுன்னு புடிச்சுது. கஞ்சி ஜோரா கொதிச்சுது.

மிச்சத்தைச் சுவரோட சாய்ச்சு நிறுத்தி, “உக்காரு”ன்னா.

பிலோமி லேசாத்தான் உக்காந்தா. முக்காலி சரிஞ்சுது. அக்கா அவ கையைப் புடிச்சுக்கிட்டா.

பிலோமி எரியுற காலைப் பாத்தா. மாவுக்கட்டைப் பாத்தா. அணைஞ்சு கெடக்குற அடுப்பைப் பாத்தா.

“அக்கா, அப்ப அந்தக் காப்பி அடுப்பு...”

“அது வேற, இது வேற”ன்னா அக்கா, அதே இழுப்புல. கிண்ணத்தை எடுத்து அவகிட்ட குடுத்தா.

ஒரு கரண்டி விழுந்துச்சு. மூடப்போன கை பாதியில நின்னுச்சு.

அக்கா கரண்டியைத் தூக்குனபடி காத்திருந்தா.

பிலோமி கையை எடுத்துக்கிட்டா.