சேந்தன் தன் பெயரை மீட்ட கதை

உட்காருங்கள், சொல்கிறேன். அரசர்கள் யானைமேல் போய்க்கொண்டிருந்த காலம் அது. அரசர்கள் சாப்பிடும் உப்போ மாட்டு வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தது.

மலைக்கும் கடலுக்கும் நடுவில், வண்டிப்பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், கூடலங்காடி என்றொரு சந்தையூர் இருந்தது. அந்த ஊரில் சேந்தன் என்று ஓர் உப்பு வணிகன் இருந்தான். கடற்கரையில் உப்பு ஏற்றி மலையடிவாரத்தில் விற்பது அவன் தொழில். கால் ஓரிடத்தில் நிற்காத மனிதன். பேச்சிலும் அவசரம், நடையிலும் அவசரம்.

ஒரு வருடம் பெரிதாகச் செய்து பார்க்கலாம் என்று அவனுக்கு ஆசை வந்தது. உப்பளத்துக்காரர் கடம்பனாரிடம் அறுபது பணத்துக்கு உப்பைக் கடனாக எடுத்தான். மாட்டுக்காரர் பூதனாரிடம் நாற்பது பணத்துக்கு இரண்டு மாடுகளைக் கடனாகப் பிடித்தான். வழிச்சோற்றுக்குத் தானியக்கடை நல்லினியிடம் பன்னிரண்டு பணத்துக்கு அரிசியும் பயறும் கடனாக வாங்கினான். மூன்று பேரிடமும், "அறுவடை முடிந்ததும் தருகிறேன்" என்று சொன்னான்.

ஆற்றுத்துறையில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. முதல் நாள் மூட்டைகள் நனைந்தன. இரண்டாம் நாள் மூட்டைகள் சுருங்கின. மூன்றாம் நாள் வெறும் சாக்குகள்தான் வண்டியில் கிடந்தன. சேந்தன் வண்டிக்கு அடியில் குந்தி, சொட்டுகிற உப்புத் தண்ணீரைக் கைகளில் ஏந்திக்கொண்டிருந்தான்.

மழை அவன் குற்றமில்லை. மழைக்குப் பிறகு அவன் செய்ததுதான் குற்றம்.

ஊருக்குத் திரும்பியவன் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. பூதனார் கேட்டபோது நாளைக்கு என்றான். நல்லினி கேட்டபோது அடுத்த சந்தைக்கு என்றான். கடம்பனார் ஆள் அனுப்பியபோது வீட்டுக்குப் பின்வழியாக வெளியே போய்விட்டான். அதன் பிறகு அவன் நடக்கிற தெருக்களே மாறிப்போயின.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யார் யாரிடம் எவ்வளவு கடன் என்பதைக் கணக்கர் ஆதனார் ஓலையில் எழுதி வைப்பார். சொன்ன தவணையில் கொடுக்காதவர்களின் பெயரைப் பௌர்ணமிச் சந்தையில் உரக்க வாசிப்பார். மூன்று பௌர்ணமி தொடர்ந்து வாசிக்கப்பட்ட பெயருக்கு அந்தச் சந்தையில் மதிப்புப் போய்விடும். அப்புறம் கையில் காசு வைத்தால்தான் பொருள்.

"சேந்தன், நூற்று முப்பத்தேழு பணம்." மூன்று பௌர்ணமியும் வாசித்தார்கள்.

அவனைக் கண்டதும் வெற்றிலைக்காரி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நேற்றுவரை தோளில் கை போட்டவர்கள் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். சேந்தனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வெளியிலும் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்பதுபோல் இருக்கும். பாதிச் சோற்றில் எழுந்துவிடுவான்.

"கூண்டில் அடைத்த கீரி மாதிரி ஆகிவிட்டீர்கள்" என்றாள் மனைவி எயினி.

இப்படி இருக்கும்போதுதான் மணிவாயன் என்ற ஒருவன் ஊருக்கு வந்தான். பட்டு மேலாடை, மெல்லிய சிரிப்பு. கடன்பட்டவர்கள் வீடாகப் பார்த்துப் பார்த்து நுழைந்தான். சேந்தனிடம் சொன்னான்:

"முப்பது பணம் கொடுங்கள். கணக்கு ஓலையில் உங்கள் பெயர் இருக்கிற இடத்தைச் சுரண்டிவிடுகிறேன். அடுத்த பௌர்ணமிக்கு வாசிக்க எதுவும் இருக்காது. நீங்கள் பாட்டுக்குச் சந்தையில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கலாம்."

சேந்தன் கையில் முப்பது பணம் ஏது? மாடுகள்தான் இருந்தன. அதுவும் விலை கொடுக்காத மாடுகள். மறுநாள் காலையில் ஒரு மாட்டை அவிழ்த்தான். விற்றுவிடுவது என்று முடிவு.

எயினி கட்டுத்தறிப் பக்கம் வந்து நின்றாள். "ஓலையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தீர்களா?"

"அதைத்தான் ஊரே கேட்கும்படி வாசிக்கிறார்களே."

"மொத்தத்தைத்தானே வாசிக்கிறார்கள். அந்த மொத்தத்துக்குள் என்னென்ன இருக்கிறது?"

பயத்தில் சேந்தன் ஒரு நாளும் கூட்டிப் பார்த்ததே இல்லை. மாட்டை மறுபடி கட்டிவிட்டுக் கணக்கர் வீட்டுக்குப் போனான். பின்வழியாகப் போகவில்லை. சந்தைக்கு நடுவே போனான். இருநூறு அடி தூரம்தான். அவனுக்கு அது இருபது காதமாக இருந்தது.

"என் ஓலையை எனக்கு வாசித்துக் காட்டுங்கள்" என்றான்.

ஆதனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பதினெட்டு வருடமாக இங்கே உட்கார்ந்திருக்கிறேன். தன் ஓலையை வாசிக்கச் சொல்லி ஒருவனும் வந்ததில்லை. காசு ஒன்றும் வேண்டாம், உட்கார்."

வாசித்தார். உப்புக்கு அறுபது. மாட்டுக்கு நாற்பது. தானியத்துக்குப் பன்னிரண்டு. எண்ணெய்க்கு இருபத்தைந்து.

"எண்ணெயா? நான் எண்ணெய் வாங்கவே இல்லையே!"

"எழுதியிருக்கிறதே."

"எழுதியது தப்பு."

"அப்படியானால் செக்குக்காரர் வந்து சொல்லட்டும்."

சேந்தன் செக்குக்காரரிடம் போனான். முதல் முறை, வேலையாக இருக்கிறேன் என்று அனுப்பிவிட்டார். இரண்டாம் முறை, ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னார். மூன்றாம் முறை அவன் செக்கடியிலேயே நின்றுவிட்டான். நிற்கத் தெரியாத மனிதன், உச்சி வெயில்வரை நின்றான். கடைசியில் செக்குக்காரர் அலுத்துக்கொண்டே எழுந்து வந்தார். கணக்கர் முன்னால் ஒரு தடவை சேந்தன் முகத்தை உற்றுப் பார்த்தார். "இவன் இல்லை. மேலத்தெருவில் விளக்குக்கடை சேந்தன் ஒருவன் இருக்கிறான். கடன் அவனுடையது" என்றார்.

ஆதனார் அந்த வரியை எழுத்தாணியால் அடித்தார். மிச்சம் நூற்றுப் பன்னிரண்டு. அது சேந்தனே பட்ட கடன். அதை அடிக்க எழுத்தாணி போதாது.

அன்றைக்கே அவன் நல்லினியின் கடைக்குப் போனான். கடன்களில் அதுதான் சின்னது. "உப்பு கரைந்துவிட்டது அம்மா. பயந்து ஒளிந்தேன். சந்தைக்கு இரண்டு பணமாக ஆறு சந்தையில் கொடுத்துவிடுகிறேன்."

நல்லினி அளக்கும் படியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "பன்னிரண்டு பணத்துக்காக நான் உன்னை வையவில்லையடா. என் கடையைக் கண்டதும் சந்துக்குள் புகுந்தாயே, அதற்குத்தான் வைதேன். போ, இரண்டு இரண்டாகவே கொடு."

பூதனார் அப்படிப் பேசவில்லை. கத்தினார். தெரு கூடிவிட்டது. சேந்தன் எதிர்த்துப் பேசாமல் இரண்டு மாடுகளில் நல்ல மாட்டின் கயிற்றை அவர் கையில் கொடுத்தான். அவர் பல்லைப் பார்த்தார், திமிலைப் பார்த்தார், "பதினெட்டுக்குக் கழித்துக்கொள்கிறேன். மீதி இருபத்திரண்டு" என்றார். ஒற்றை மாட்டு வண்டியில் பாரம் சுமந்து அதைக் கட்டுவதாகச் சேந்தன் ஒப்புக்கொண்டான்.

கடம்பனார் நான்கு நாள் தொலைவில், கடற்கரையில் இருந்தார். அவனைப் பார்த்ததும், "நீ செத்துப்போனாய் என்றல்லவா நினைத்தேன்" என்றார். சேந்தன் எல்லாவற்றையும் சொன்னான். மாதம் பத்துப் பணம் தருவதாகவும் சொன்னான்.

"வீறாப்புக்குப் பத்து என்று சொல்லாதே. உன்னால் முடிந்தது எவ்வளவு?"

சேந்தன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "ஐந்து."

"ஐந்து போதும். ஆனால் ஒவ்வோர் அமாவாசைக்கும் ஐந்து வரவேண்டும். ஆறாவது பணத்தை நான் கேட்க மாட்டேன். ஒரு நாள் தாமதத்தையும் பொறுக்க மாட்டேன்."

அன்றிலிருந்து சேந்தன் ஓடினான். முன்பு ஒளிவதற்கு ஓடினான், இப்போது கொடுப்பதற்கு ஓடினான். கடற்கரைக்குப் போகும்போது குயவர்களின் பானைகளை ஏற்றினான். திரும்பும்போது கருவாடு ஏற்றினான். ஊரில் இருக்கிற நாட்களில் விறகு ஏற்றினான். எயினி வீட்டில் சாக்குத் தைத்தாள். இரவுச் சாப்பாடு பல நாள் கஞ்சிதான். ஆறு சந்தையில் நல்லினியின் கடன் தீர்ந்தது. பிறகு பூதனாருடையது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அதுவும் தீர்ந்தது.

நான்காவது அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கும்போது நடுவழியில் மாட்டின் குளம்பில் கல் ஏறிவிட்டது. வழியிலிருந்த ஊரில் மாட்டையும் வண்டியையும் விட்டுவிட்டு, ஐந்து பணத்தை இடுப்பில் முடிந்துகொண்டு நடந்தான். பொழுது சாய்கிற நேரத்தில் கடம்பனார் முன்னால் போய் நின்றான்.

"மாடு எங்கே?"

"நொண்டுகிறது ஐயா."

"ஐந்து பணத்துக்காகவா இவ்வளவு தூரம் நடந்து வந்தாய்?"

"அமாவாசை இன்றைக்குத்தானே."

கடம்பனார் பணத்தை எண்ணாமலே வாங்கி வைத்துக்கொண்டார்.

இப்படி எட்டு அமாவாசை போயிற்று. நாற்பது பணம் கட்டியாகிவிட்டது. இன்னும் இருபது பாக்கி. அந்தச் சமயத்தில்தான் ஊரில் அந்தக் காரியம் நடந்தது.

மணிவாயன் பதினோரு பேரிடம் பணம் வாங்கிக்கொண்டு பதினோரு ஓலைகளைச் சுரண்டியிருந்தான். ஆதனார் அதைக் கண்டுபிடித்துவிட்டார். மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்ததும் அவன் ஓலை வைத்திருந்த கொட்டகைக்கே தீ வைத்துவிட்டு ஊரைவிட்டு ஓடிப்போனான். நல்ல கணக்கு, கெட்ட கணக்கு எல்லாம் ஒன்றாகச் சாம்பலாயின.

அங்காடித் தலைவர் ஊரைக் கூட்டினார். "அவரவர் கடனை அவரவரே சொல்லுங்கள். கொடுத்தவர் ஒப்புக்கொண்டால் புது ஓலையில் எழுதுவோம்" என்றார்.

அப்பப்பா, அந்தக் கூச்சலைக் கேட்டிருக்க வேண்டும்! ஒருவன் கடனே இல்லை என்றான். ஒருவர் இரண்டு மடங்கு வரவேண்டும் என்றார். மணிவாயனிடம் முப்பது பணம் கொடுத்த தேன் வணிகன் ஒருவன், தன் கடனில் பாதியை முன்பே உண்மையாகக் கட்டியிருந்தான். "பாதி கொடுத்துவிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ஓலையைச் சுரண்டச் சொன்னவன் என்று தெரிந்த பிறகு அவன் பேச்சை யார் நம்புவார்கள்? முழுவதையும் அவன் தலையில் எழுதினார்கள்.

சேந்தன் முறை வந்தது. பூதனாரும் நல்லினியும், "எங்கள் கடன் தீர்ந்தது" என்றார்கள்.

பக்கத்தில் நின்ற ஒருவன் சேந்தன் காதில் முணுமுணுத்தான். "கடம்பனார் கடற்கரையில் இருக்கிறார். தீர்ந்தது என்று சொல்லிவிடு. விசாரித்து முடிப்பதற்குள் மாதங்கள் ஆகிவிடும்."

சேந்தனுக்குக் கால் பரபரத்தது. இருபது பணம் என்றால் நான்கு மாதக் கஞ்சி. நான்கு மாத ஓட்டம். அவன் கூட்டத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், தலைவரைப் பார்த்தான்.

"உப்பளத்துக் கடம்பனாருக்கு அறுபது கொடுக்கவேண்டியிருந்தது. நாற்பது கொடுத்துவிட்டேன். இருபது பாக்கி. எழுதிக்கொள்ளுங்கள்."

"கடம்பனார் இங்கே இல்லையே. இருபதுதான் பாக்கி என்பதற்கு யார் சாட்சி?"

"நான்தான்."

தலைவர் சுற்றிலும் பார்த்தார். "மறுக்கிறவர் உண்டா?" என்று மூன்று முறை கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்பு தெரு கூடும்படி கத்திய பூதனார்தான் கடைசியில் எழுந்தார். "எழுதுங்கள் கணக்கரே. இவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்."

கேட்டீர்களா? சேந்தனுடைய பெயர் ஓலையில் ஏறுவதற்கு முன்பே ஊர் வாயில் ஏறிவிட்டது. நான்கு அமாவாசை கழித்து அவன் கடைசி ஐந்து பணத்தைக் கொடுத்தான். கடம்பனார் அதை வாங்கிக்கொண்டு, "வண்டியைப் பின்னால் கொண்டுவா, உப்பு ஏற்றலாம்" என்றார்.

"கையில் காசு இல்லையே ஐயா."

"நான் காசு கேட்டேனா?" என்றார் கடம்பனார்.

இந்தக் கதை சொல்லுகிற நீதி இது: கெட்டுப்போன பெயரை விலைக்குத் துலக்கித் தர யாராலும் முடியாது, கெடுத்தவனே ஒளியாமல் முன்னால் வந்து, சொன்னதைச் சொன்ன நாளில் கொடுத்துக் கொடுத்துத்தான் அதை மீட்க வேண்டும்.