வெள்ளை காயும் வரை

"முப்பது வருசமா சிமெண்டு என் கையில கெடக்குது. ஒரு நாளும் என்னை ஏமாத்துனதில்லை. இந்த வெள்ளைப் பொடி மட்டும் ஏன் அம்மிணி இப்படிப் பண்ணுது?"

கேட்டவர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்தெட்டு. பொள்ளாச்சிப் பக்கம் சுவர்ப் பூச்சு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

மரகதவல்லிக்கு வயது முப்பத்தாறு. டைல்ஸ் ஒட்டுகிறவள். இரண்டு டைல்ஸுக்கு நடுவில் சந்து இருக்குமே, அதில் அவள் பூசுகிற வெள்ளை அப்படியே வெள்ளையாகக் காயும். பார்க்கப் போனவர்கள் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து பாத்ரூமில் நின்றிருக்கிறார்கள்.

அவளுடைய வீட்டு வாசலில், ஞாயிற்றுக்கிழமை காலையில், வெளுத்த வேட்டியும் தோளில் துண்டுமாக நின்றார் நாச்சிமுத்து. இந்த வயதில் ஒரு பெண்ணிடம் போய் எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும். நானாக இருந்தால் போயிருக்க மாட்டேன்.

"உக்காருங்ணா. என்ன பண்ணுது அது?"

"டைல்ஸும் வெள்ளை, பொடியும் வெள்ளை. காஞ்சதுக்கப்புறம் பாத்தா ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கம் மஞ்சள். ரெண்டு தடவை சுரண்டியெடுத்துட்டுப் போட்டேன். ரெண்டு தடவையும் அதே கதை."

"மூணாவது தடவை?"

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார்.

போன வருசம் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டவர் அவர். இனிமேல் உயரத்தில் ஏற முடியாது. தரையில் நின்று செய்யக்கூடிய வேலை என்று அவருக்கு மிஞ்சியது இந்த டைல்ஸ்தான்.

"வெள்ளிக்கிழமை இஞ்சினியர் பாக்க வர்றாரு. சரியில்லைன்னா கேட்டுல சேர் போட்டுத் தர்றேன், வாட்ச்மேனா உக்காந்துக்குங்கன்னு சொல்லிட்டாரு. மரியாதையாத்தான் சொன்னாரு."

அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"காலையில வர்றனுங்ணா," என்றாள் மரகதவல்லி.

*

திங்கட்கிழமை, கட்டிக்கொண்டிருந்த புது வீட்டிலும் நாச்சிமுத்து வேட்டியில்தான் நின்றார். குரு வருகிறார் அல்லவா.

பாத்ரூமுக்குள் நுழைந்த மரகதவல்லி சுவரைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த பக்கெட்டைப் பார்த்தாள்.

"இதுலதான் கலக்குனீங்களா?"

"ஆமா. கழுவித்தான் வெச்சிருக்குது."

"உள்ளார கட்டை விரலை வெச்சு ஒரு தேய்ப்பு தேய்ங்ணா."

தேய்த்தார்.

"இப்ப அந்தத் துண்டுல தொடைங்க."

நாச்சிமுத்து விரலைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். துடைக்கவில்லை.

"ஏனுங்ணா?"

"துண்டு கறையாயிரும் அம்மிணி."

மரகதவல்லி இப்போதுதான் சுவர்ப் பக்கம் திரும்பினாள். சந்திலிருந்த சாம்பல் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாச்சிமுத்து பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்தார். திரும்பி வந்து, விரலை உள்ளே தேய்த்து, துண்டில் துடைத்தார். சாம்பல் கோடு விழுந்தது.

"இன்னொருக்கா," என்றாள்.

நான்காவது தடவை துண்டில் ஒன்றும் படவில்லை. அதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

"எப்ப அம்மிணி வெள்ளை போடறது?"

"அதைத்தானுங்ணா காலையிலிருந்து போட்டுட்டு இருக்கறோம்."

*

பழசைச் சுரண்டி எடுக்க செவ்வாய்க்கிழமை சரியாகப் போயிற்று. புதன்கிழமை காலை நாச்சிமுத்து பொடியைப் பக்கெட்டில் கொட்டினார்.

மரகதவல்லி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்ணா."

அவர் டம்ளரை ஒன்றுக்கு இரண்டு தடவை அலசி, மூடி வைத்திருந்த டிரம்மிலிருந்து மொண்டு, இரண்டு கையாலும் கொடுத்தார். அவள் அதை வாங்கிப் பொடியில் ஊற்றினாள்.

"இன்னொரு டம்ளர்."

"அம்மிணி, அது குடிக்கற தண்ணி. பத்து நாளைக்கு ஒருக்காத்தான் வருது. கலக்கறதுக்குத்தான் போர் தண்ணி ரொம்பி வழியுதே."

"எனக்கு ஏன் அந்தப் போர் தண்ணியக் குடுக்கலீங்க?"

"உனக்குப் போயி அதக் குடுப்பனா? ஒரே உப்பு. குண்டாவுல புடிச்சு வெச்சா அடுத்த நாளே மஞ்சளாப்..."

மஞ்சள் விழுந்திருந்த சுவர்ப் பக்கம் நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு டிரம் பக்கம் நடந்தார்.

*

வெள்ளையைச் சந்துகளில் இழுத்து நிரப்பியதும் நாச்சிமுத்துதான். அதில் அவர் கைக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருசத்துக் கை. மரகதவல்லியே கொஞ்ச நேரம் வாயைப் பிளந்து பார்த்தாள்.

அதன் பிறகு மேலே ஒட்டியிருப்பதைத் துடைக்க வேண்டும்.

"ரெண்டு வரிசை தொடைச்சா ஒரு தண்ணி மாத்தோணும்," என்றாள்.

"யாரு மாத்தறது?"

"நீங்கதானுங்ணா."

இடுப்பு வலியோடு அரை அரை பக்கெட்டாகச் சுமந்தார். டிரம் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. வழியெல்லாம் சித்தாள் பெண்கள். கலவை சுமப்பது, சட்டி கழுவுவது, தண்ணீர் கொண்டு வருவது எல்லாம் அவர்கள் வேலை. கொத்தனார் ஒருவர் தானே தண்ணீர் தூக்கிப் போவதை அவர்கள் இதற்கு முன்னால் கண்டதில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பதினோராவது நடையில் ஒருத்திக்குப் பாவமாக இருந்தது.

"குடுங்க மேஸ்திரி, நான் கொண்டாறேன்."

"வேண்டாங்க்கா," என்றாள் மரகதவல்லி உள்ளேயிருந்து. "அவரே கொண்டு வரட்டும்."

ஸ்பான்ஜை நனைத்துச் சுவரில் வைக்கப் போனார் நாச்சிமுத்து.

"பிழிங்ணா."

"பிழிஞ்சாச்சு."

அவள் வாங்கிப் பிழிந்தாள். அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது.

"இப்பப் பிழிஞ்சாச்சா?"

"ஆச்சு."

மறுபடியும் பிழிந்தாள். சொட்டுச் சொட்டாக இன்னும் வந்தது. நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் வேலை முடிந்தது. சுவரைப் பார்த்தார். சந்தெல்லாம் சாம்பல்.

அவர் கை தானாக ஸ்பான்ஜுக்குப் போனது. மரகதவல்லி அதைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். கதவைப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

*

வியாழக்கிழமை காலையில் நாச்சிமுத்து வென்டிலேட்டர் வழியாக எட்டிப் பார்த்தார். மத்தியானம் எட்டிப் பார்த்தார். டீ நேரத்தில் அவளிடமே வந்துவிட்டார்.

"அம்மிணி, கெழக்கு மூலையில கறுப்படிச்ச மாதிரி இருக்குது. சாவியைக் குடு. ஒரே ஒரு தொடைப்பு."

"போன ரெண்டு தடவையும் இப்படித்தான் தொடைச்சீங்களா?"

"தொடைக்காம? வெள்ளையாகற வரைக்கும் தொடைச்சேன். ராத்திரி ஏழு மணி வரைக்கும் விடலை."

"தலைக்குக் குளிச்சுட்டு வந்த கையோட நரை இருக்கான்னு பாப்பீங்களா?"

"ஈரத்துல நரை எங்க தெரியும்?"

"டீ ஆறுதுங்ணா, குடிங்க."

அவர் குடித்தார். சாவியை அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போனார். வாட்ச்மேன் சேர் கண்ணுக்குள் நிற்கிற மனுசனுக்கு அது சின்னக் காரியம் இல்லை.

*

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இஞ்சினியர் வந்தார். மரகதவல்லி சாவியை நாச்சிமுத்துவிடம் கொடுத்தாள். பூட்டைத் திறக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

உள்ளே வெள்ளை.

கிழக்கு மூலையும் வெள்ளை, மேற்கு மூலையும் வெள்ளை. டைல்ஸ் எங்கே முடிகிறது, சந்து எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இஞ்சினியர் தடவினார். செல்போன் விளக்கைப் போட்டுக் குழாய்க்குக் கீழேயெல்லாம் குனிந்து பார்த்தார்.

"மேல ரெண்டு பாத்ரூம் இருக்குது. அதையும் நீங்களே முடிச்சுக் குடுத்துருங்க நாச்சிமுத்தண்ணா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாச்சிமுத்து தோள் துண்டை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை மறைக்கவும் இல்லை.

பிறகு இரண்டு பேரும் வாசல் மணலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பயம் போனதும் அவருக்குப் பழைய குரல் வந்துவிட்டது.

"ஒண்ணு சொல்றேன் அம்மிணி. இந்த வேலைக்குத்தான் நான் புதுசு. நான் பூசுன செவுரு ஒண்ணு வெடிச்சுதுன்னு எவனாச்சும் சொல்லட்டும் பாக்கலாம். மில்லு காம்பவுண்டு பூசி இருபது வருசமாச்சு. ஒரு கோடு விழுந்திருக்கான்னு போய்ப் பாரு."

"பாத்திருக்கறனுங்ணா. அந்த வழியா பஸ்ஸுல போறப்பெல்லாம் பாப்பேன். அப்படி ஒரு பூச்சு நான் வேற எங்கேயும் பாத்ததில்லை."

மனசாரத்தான் சொன்னாள்.

"பூசி முடிச்சுட்டு எத்தனை நாளு தண்ணி விட்டீங்க?"

"பதினஞ்சு நாளு. காலையும் சாயங்காலமும். தண்ணி விடறதுல ஒரு வேளை தப்புனாலும் எப்பேர்ப்பட்ட பூச்சும் வெடிச்சுப் போயிரும்."

"ஊத்துனது யாருங்ணா?"

"சித்தாளு."

"பேரு?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தார்.

"ஒசரமா ஒரு புள்ள. வெத்தலை போடும். காலையில எனக்கு முன்னாடியே வந்து..."

பேர் மட்டும் வரவில்லை. மில் காம்பவுண்டை விட்டுவிட்டு வேறு சுவர்களை நினைத்துப் பார்த்தார். பள்ளிக்கூடச் சுவர், கல்யாண மண்டபம், அவருடைய சொந்த வீடு. ஒவ்வொரு சுவரும் நன்றாக ஞாபகம் இருந்தது.



அந்த நேரம் ஒரு சித்தாள் தலையில் மணல் சட்டியோடு அவர்களைத் தாண்டிப் போனாள். புதன்கிழமை பக்கெட்டை வாங்க வந்தவள்தான். அந்த சைட்டில் நாலு மாதமாக நாச்சிமுத்துவுக்குக் கலவை தூக்குகிறவள்.

நாச்சிமுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஏனுங்க, உங்க பேரு என்னங்க?"

அவள் நின்றாள். யாரைக் கேட்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.